சோபா காலைக் குறிவைக்கும் கரடி: வீட்டுக்குள் கால் தூக்கும் நாயை என்ன செய்வது?

#1 நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இப்போ வேற வழியில்லாம எழுதுறேன்.

எங்க வீட்டு நாய் பேரு கரடி. பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க, மொத்த எடையே 7 கிலோதான். கலப்பினம், ஆண், 14 மாசம் ஆகுது. கருத்தடை பண்ணலை. நாலு மாசக் குட்டியா இருந்தப்பவே வெளியில போய்த்தான் ஒண்ணுக்கு இருக்கணும்னு கத்துக்கிட்டான். அதுக்கப்புறம் ஒருநாள்கூட வீட்டுக்குள்ள போனது கிடையாது.

மூணு வாரமா எல்லாம் தலைகீழ். முதல்ல சோபாவோட இடது கால். அடுத்து ஜன்னல் ஸ்க்ரீனோட கீழ் ஓரம். அப்புறம் செருப்பு ஸ்டாண்டு. நேத்து என் வீட்டுக்காரரோட லேப்டாப் பை! நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், அவனும் என்னைப் பார்த்துக்கிட்டே காலைத் தூக்குறான். போன வாரம் ரெண்டு தடவை மெத்தையில குளமே கட்டிட்டான்.

இவர் "திமிரு" என்கிறார். எனக்கு அப்படித் தோணலை, ஆனா பதில் சொல்லவும் தெரியலை. பை வேற புதுசு.

#2 பழைய_பேட்டரி

இதுக்கெல்லாம் ஒரு இழையா? எங்க வீட்டுல அந்தக் காலத்துல நாய் உள்ள பெஞ்சா, இழுத்துட்டுப் போய் மூக்கை அதுலயே தேய்ச்சு, முதுகுல ஒண்ணு வைப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கமே வராது. செல்லம் கொடுத்தா இப்படித்தான் தலையில ஏறும்.

#3 வாலாட்டி

பேட்டரி அண்ணே, அந்தப் பக்கம் வராதது உண்மைதான். சோபாவுக்குப் பின்னாடி போயிருக்கும், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அடிவாங்குற நாய் "வீட்டுக்குள்ள போகக்கூடாது"ன்னு கத்துக்கிறதில்லை. "இந்த ஆள் கண்ணு முன்னாடி போகக்கூடாது"ன்னுதான் கத்துக்குது. அப்புறம் வெளியில கூட்டிட்டுப் போனாலும் உங்க முன்னாடி இருக்கத் தயங்கும். அடக்கி வெச்சு, வீட்டுக்கு வந்து, நீங்க இல்லாத ரூம்ல இருக்கும். இப்படிக் கெட்டுப்போய் வந்த நாலு நாயைத் தற்காலிகமா வளர்த்துக் கொடுத்திருக்கேன். நாலையும் சரிபண்ண எடுத்துக்கிட்ட நேரம், முதல்லயே அடிக்காம இருந்திருந்தா மிச்சமாகியிருக்கும்.

"தப்புன்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாரு"ன்னு அடுத்து சொல்வீங்க. அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல 14 நாய்களை வெச்சுப் பண்ணின ஆய்வு. நாய் தப்புப் பண்ணுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்தக் குற்றவாளி முழிக்கும் சம்பந்தமே இல்லை. வளர்க்கிறவர் திட்டினாரா இல்லையாங்கிறதுலதான் சம்பந்தம். தப்பே பண்ணாத நாயைத் திட்டினாலும் அதே முழிதான் முழிச்சுது.

நிலாமுற்றம், உங்களுக்கு மூணே கேள்வி. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு? எந்த நேரத்துல? எதைக் கண்டதும்? இதுக்குப் பதில் கிடைச்சா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

#4 துடைப்பக்கட்டை

என்கிட்ட ஒரே கேள்வி. எதை வெச்சுத் துடைச்சீங்க?

#5 நிலாமுற்றம்

வாலாட்டி அக்கா (அக்காதானே?), சோபா கால், ஸ்க்ரீன், ஸ்டாண்டு எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு ஸ்பூன் அளவுதான் இருக்கும். வழிஞ்சு கீழே ஒரு சின்ன வட்டம் நிக்கும். மெத்தையில மட்டும் ஒரு டம்ளருக்குக் குறையாது. அங்க கால்கூடத் தூக்கலை, படுத்திருந்த இடத்துலயே ஈரம். எழுந்து அவனே திகைச்சுப் போய் நின்னான்.

துடைப்பக்கட்டை, முதல்ல பினாயில். வாடை போகலைன்னு கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே, அந்த அமோனியா வாடை வருமே, அது.

#6 துடைப்பக்கட்டை

அய்யய்யோ. அமோனியாவா. அவன் போட்ட கையெழுத்துக்குக் கீழ நீங்க சீல் குத்திக் கொடுத்திருக்கீங்க. ராத்திரி விரிவா எழுதுறேன், அதுவரைக்கும் அந்த ஸ்ப்ரே பக்கம் போகாதீங்க.

#7 மிருகவைத்தியன்

கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. கரடியை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்தான் கடைசிச் சொல்.

உங்கள் பதிவில் இருப்பது ஒரு பிரச்சனை அல்ல, இரண்டு. செங்குத்தான பரப்பில், கால் தூக்கி, கொஞ்சமாக விடுவது குறியிடல் (மார்க்கிங்), அதாவது வாடையால் முத்திரை வைப்பது. மெத்தையில் படுத்த நிலையில் ஒரு டம்ளர் போனது குறியிடல் இல்லை. அது நிரம்பி வழிந்த சிறுநீர்ப்பை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "திமிர்" என்று பெயர் வைத்தால் இரண்டுமே தீராது.

பழகிய நாய் திடீரென்று வீட்டை நனைத்தால் முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய் என்றால் புராஸ்டேட் வீக்கம். கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீர்க்குழாயின் வாய்த்தசை தளர்ந்து, தூக்கத்தில் தானாகவே கசியும்.

கரடி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று அளக்க முடியுமா? காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். அவன் எடைக்கு 700 மில்லி. வேறு ஏதேனும் மருந்து கொடுக்கிறீர்களா?

ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். நாய் திரும்பத் திரும்பக் கால் தூக்கி, முக்கி, சொட்டுகூட வரவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள், அந்த நிமிடமே கிளம்புங்கள். ரத்தம் கலந்து வந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

#8 இரவுக்கழுகு

கொஞ்சம் பக்கவாட்டுல போறேன், மன்னிக்கவும். இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

நமக்கு மூத்திரம் கழிவு. நாய்க்கு அது கடிதம். ஆணா பெண்ணா, பருவத்துல இருக்கா, தெரிஞ்ச ஆளா புது ஆளா, எவ்வளவு நேரம் முன்னாடி போச்சு, இதெல்லாம் அதுல இருக்கும். மூக்கு மட்டுமில்லாம, மேல்வாய்ப் பக்கம் இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புன்னு ஒண்ணு வழியாவும் படிக்குது. சில ஆண் நாய்கள் முகர்ந்து முடிச்சிட்டுப் பல்லைத் தந்தியடிக்குமே, அது அந்தப் படிப்புதான்.

மார்க் பெக்காஃப்னு ஒரு விலங்கு நடத்தை ஆய்வாளர். தன்னோட நாய் ஜெத்ரோவை வெச்சு அஞ்சு குளிர்காலம் ஒரு வேலை பண்ணினார். ஜெத்ரோ பெஞ்ச பனியையும் மத்த நாய்கள் பெஞ்ச பனியையும் கையுறை போட்டு அள்ளி, வேற வேற இடத்துல கொண்டுபோய் வைக்கிறது, அவன் எதை எவ்வளவு நேரம் முகர்றான்னு கடிகாரம் வெச்சுப் பார்க்கிறது. அக்கம்பக்கத்துல இருந்தவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு தெரியலை! தன்னோடதைக் கொஞ்ச நேரம் முகர்ந்துட்டு நகர்ந்துட்டான், அடுத்தவனோடதுலதான் நின்னு நிதானமா படிச்சான். 2001-ல வெளியான ஆய்வு.

உங்க 7 கிலோ ஆளுக்குப் பொருத்தமா இன்னொண்ணு. பெட்டி மெக்குவைர் குழு 2018-ல ஆண் நாய்கள் கால் தூக்குற கோணத்தை வீடியோ எடுத்து அளந்தாங்க. சின்ன நாய்கள்தான் காலை அதிகக் கோணத்துல தூக்குது. முடிஞ்ச அளவு உசரத்துல ஒட்டினா படிக்கிறவன் "பெரிய ஆள் போல"ன்னு நினைக்கலாம்ல. கரடிங்கிற பேருக்கு அவனும் நியாயம் பண்ணணுமே.

#9 பழைய_பேட்டரி

சரி, கடிதம்னே வெச்சுப்போம். என் சோபா என்ன தபால் பெட்டியா?

#10 செம்பருத்தி_77

பேட்டரி சார், சிரிச்சு முடியலை.

எங்க வீட்டுல பெண் நாய். பெண் நாய் மார்க் பண்ணாதுன்னு நாலு பேர் அடிச்சுச் சொன்னாங்க. இவ ஒரு பின்னங்காலை லேசாத் தூக்கிக் குந்திக்கிட்டு, நடக்கப் போனா பதினஞ்சு இடத்துல ரெண்டு ரெண்டு சொட்டு வைப்பா. பருவம் வர்றதுக்கு முந்தின வாரத்துல இருந்தே வீட்டுக்குள்ளயும் கதவு ஓரமா வைக்க ஆரம்பிச்சா. முடிஞ்சதும் தானா நின்னுது. அதனால பெண் நாய் வெச்சிருக்கிறவங்க காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கோங்க.

#11 நிலாமுற்றம்

ரெண்டு நாளா ஒரு நோட்டு போட்டு எழுதி வெச்சேன். என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தார், இப்போ அவரே எழுதுறார்.

முதல் விஷயம் தண்ணி. டாக்டர் சார், நேத்து 900 மில்லி! நானே ரெண்டு தடவை அளந்தேன். மருந்துன்னு நீங்க கேட்டதும்தான் பொறி தட்டுச்சு. தோல் அரிப்புன்னு பத்து நாள் முன்னாடி காட்டினோம், ஒரு மாத்திரை கொடுத்தாங்க. அட்டையில பிரெட்னிசோலோன்னு போட்டிருக்கு. தோலுக்குக் கொடுத்த மாத்திரைதானேன்னு இங்க சொல்லவே தோணலை.

ரெண்டாவது விஷயம். காலைல 6:40-க்கு நான் கிச்சன்ல இருந்தேன். கரடி ஹால்ல தூங்கிக்கிட்டிருந்தான். படிக்கட்டுல 'டிக் டிக் டிக்'னு நகச் சத்தம். காது மட்டும் முதல்ல எழுந்துச்சு, அப்புறம் அவன் எழுந்தான். ஜன்னல் கிட்டப் போய் மூக்கை இடுக்குல வெச்சு இழு இழுன்னு இழுக்கிறான். தொண்டைக்குள்ளயே ஒரு முனகல். சத்தம் இறங்கிப் போனதும் திரும்பி நேரா சோபா இடது கால்கிட்ட வந்தான், முகர்ந்தான், தூக்கினான். மூணு செகண்டுகூட இல்லை. முடிச்சிட்டுப் பின்னங்காலால தரையைப் பரக் பரக்னு பிறாண்டிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி போய்ப் படுத்துட்டான்.

மேல் மாடிக்கு ஒரு மாசம் முன்னாடி புதுசா ஒரு குடும்பம் வந்துச்சு. அவங்ககிட்ட ஒரு பெரிய ஆண் நாய். காலையும் சாயந்திரமும் எங்க ஜன்னலை உரசிக்கிட்டுத்தான் இறங்குது. சோபா இடது கால் அந்த ஜன்னலுக்கு நேர் கீழ. ஸ்க்ரீன் அந்த ஜன்னலோடது. செருப்பு ஸ்டாண்டு வாசல் கதவுக்குப் பக்கத்துல. லேப்டாப் பையை இவர் ஸ்டாண்டு மேலதான் வைப்பார். கேட்டுப் பார்த்தா, அன்னிக்குப் படியில அந்த நாய் பையை நல்லா முகர்ந்து மூஞ்சியைத் தேய்ச்சுதாம். "பாசமா இருந்துச்சு, நானும் தடவிக் கொடுத்தேன்" என்கிறார்!

#12 வாலாட்டி

உங்க வீட்டுக்காரர் எதிரி நாட்டு முத்திரையைப் பையில குத்தி வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கார். கரடி அதை அழிச்சுத் தன் முத்திரையைக் குத்தியிருக்கான். அவன் நியாயத்துல அவன் கடமையைச் செஞ்சிருக்கான், பாவம்.

(அக்காதான்.)

#13 மிருகவைத்தியன்

நோட்டு போட்டதற்கு நன்றி. பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு வகை மருந்து. தாகம் கூடுவது, சிறுநீர் கூடுவது, பசி கூடுவது மூன்றும் அதன் பிரபலமான பக்கவிளைவுகள். மாத்திரை தொடங்கியது பத்து நாள் முன்பு, மெத்தை நனைந்தது போன வாரம். தேதிகள் பொருந்துகின்றன. கால் தூக்குவதோ மாத்திரைக்கு முன்பே தொடங்கிவிட்டது, அதற்குக் காரணம் படிக்கட்டில் இருக்கிறது.

தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில நாட்களுக்கு மேல் கொடுத்த ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஏனென்றால் அதுவரை உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். கொடுத்த மருத்துவரிடமே போய் 900 மில்லி என்ற எண்ணைச் சொல்லுங்கள். காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொண்டு போனால் பரிசோதித்துவிடலாம். ஸ்டீராய்டு எடுக்கும்போது தொற்றும் எளிதில் சேரும், ஆகவே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கும் யோசனை யாருக்காவது வந்திருந்தால், வேண்டாம். அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள், அது போதும்.

#14 துடைப்பக்கட்டை

சொன்ன மாதிரி வந்துட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாய் மார்க் பண்ணின இடத்துல வாடை நமக்குப் போனா போதாது, அதுக்குப் போகணும். நம்ம மூக்கை நம்பி "சுத்தமாயிடுச்சு"ன்னு சொல்றது, குருடன் விளக்கை அணைச்சாச்சான்னு சரிபார்க்கிற கதை. மூத்திரம் பழசாக ஆக அதுல இருக்கிற யூரியா சிதைஞ்சு அமோனியா வரும். நீங்க அமோனியா ஸ்ப்ரே அடிச்சா அவன் மூக்குக்கு "இங்க யாரோ புதுசா போயிருக்காங்க"ன்னுதான் படும். போட்டிக்கு வருவான். ப்ளீச் அதைவிட மோசம், அது அமோனியாவோட சேர்ந்தா நெஞ்சைப் பிடிக்கிற புகை கிளம்பும். மூத்திரத்து மேல ஊத்தவே ஊத்தாதீங்க. பினாயில் ஈரமா இருக்கிற தரையில நாய் நடந்து பாதத்தை நக்கினா அதுக்கு விஷம்.

வேண்டியது என்ஸைம் கிளீனர். நாய் பூனைக்குன்னே விக்கிறது. அதுலயும் எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க, தெளிச்ச கையோட துடைச்சிடுவாங்க. என்ஸைம் வேலை செய்ய நேரம் வேணும். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்குச்சோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்கணும். மெத்தை, சோபாத் துணின்னா ஊற ஊத்தி, டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஈரமாவே விட்டு, அப்புறம் ஒத்தி எடுக்கணும். தேய்க்கக் கூடாது, தேய்ச்சா பரவும். அதுக்கு முன்னாடி அங்க பினாயிலோ ப்ளீச்சோ போட்டிருந்தா வெறும் தண்ணியில நல்லா அலசிடுங்க, இல்லைன்னா அது என்ஸைமையும் கெடுத்துடும். புதுசா ஈரமா இருக்கிற இடத்துல ஆவி பிடிக்கிற மெஷின் வேண்டாம், சூட்டுல கறையும் வாடையும் துணிக்குள்ள உறைஞ்சு போயிடும்.

இப்போ முக்கியமான வேலை. ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்க. ராத்திரி எல்லா விளக்கையும் அணைச்சிட்டு, தரையிலிருந்து முழங்கால் உசரம் வரைக்கும் மெதுவா அடிச்சுப் பாருங்க. வெளிர் மஞ்சளா, சில சமயம் பச்சை கலந்து மினுங்கும். நான் முதல்முறை பார்த்தப்போ "மூணு இடம்"னு நினைச்சிருந்த வீட்டுல பதினொரு இடம். ஒண்ணு வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி. ஒண்ணு பூஜை மாதிரி நான் தினமும் துடைக்கிற மேஜைக் கால்ல! சோப்புத் தூள் மிச்சமும் மினுங்கும், அதனால மினுங்கினதெல்லாம் நாயோட வேலைன்னு முடிவு பண்ணிடாதீங்க. சாக்பீஸால வட்டம் போட்டு, விளக்கைப் போட்டுட்டு, குனிஞ்சு முகர்ந்து பாருங்க. ஆமா, நீங்களேதான்.

யூரிக் அமிலப் படிகம் துணியில ஒட்டிக்கும், அதை உடைக்கத்தான் இந்த என்ஸைம். அதான் சாதா சோப்புக்கு மசியாது.

#15 மிருகவைத்தியன்

மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன். அந்தக் கடைசி வரி மட்டும் விளம்பரத்தில் வரும் வரி. மனிதனின் சிறுநீரில்தான் யூரிக் அமிலம் அப்படியே வெளியேறும். நாயின் கல்லீரல் அதைப் பெரும்பாலும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது, அது தண்ணீரில் எளிதில் கரையும். விதிவிலக்கு டால்மேஷன் இன நாய்கள், மரபணுக் கோளாறால் அவற்றின் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம், கல்லும் அடிக்கடி வரும். என்ஸைம் கிளீனர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வாடையைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் போன்ற கரிமப் பொருட்களை அது சிதைக்கிறது, அதனால்.

#16 துடைப்பக்கட்டை

எட்டு வருஷமா இந்தப் படிகக் கதையைச் சொல்லிக்கிட்டிருக்கேன் டாக்டர். இன்னிக்கு மானம் போச்சு. சரி, கத்துக்கிட்டேன்.

#17 புதுசா_வந்தவன்

வணக்கம். ஆண் நாய்க்கு வயித்தைச் சுத்திக் கட்டுற துணிப்பட்டை கிடைக்குதே, அதைக் கட்டிவிட்டா மேட்டர் முடிஞ்சுதே? எங்க வீட்டுல ரெண்டு ஆண் நாய், ஒருத்தன் போன இடத்துல இன்னொருத்தன் போறான். நாள் பூரா இதே வேலை.

#18 வாலாட்டி

தம்பி, பட்டை சோபாவைக் காப்பாத்தும், பழக்கத்தை மாத்தாது. விருந்தாளி வர்ற நாள், வேற வீட்டுக்குப் போற நாள் மாதிரி சமயத்துக்கு நல்லது. நனைஞ்சதும் மாத்தணும். நாள் பூரா கட்டி வெச்சா தோல் வெந்து புண்ணாகும். உள்ளாடை போட்டிருக்கிறதால போகலாம்னு சில நாய் தாராளமாவும் போகும்!

ரெண்டு ஆண் நாய்ன்னா, முதல்ல எது ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஆரம்பிக்கிறவனை நிறுத்தினா பதில் போடுறவன் பாதி தானா நிறுத்துவான். தட்டு, படுக்கை, பொம்மை எதுக்காவது ரெண்டுக்கும் உரசல் இருந்தா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வெச்சுத் தள்ளித் தள்ளி வைங்க. பதட்டம் குறைஞ்சா முத்திரையும் குறையும்.

நிலாமுற்றம், இப்போ உங்களுக்கு.

முதல் வேலை ஜன்னல். கீழ் ரெண்டு அடிக்கு ஒளி வர்ற, உருவம் தெரியாத ஒட்டுத்தாள் ஒட்டிடுங்க. இடுக்கை அடைங்க. அந்த 6:40-க்கு முன்னாடியே, 6:25-க்கு அவனை வெளியில கூட்டிட்டுப் போயிடுங்க. மேல் நாய் இறங்குற நேரத்துல அவன் வீட்டுக்குள்ளயே இல்லைன்னா கடிதமும் இல்லை, பதிலும் இல்லை. மேல் வீட்டுக்காரங்ககிட்டப் பேசி நேரத்தைக் கேட்டு வெச்சுக்கோங்க, சண்டைக்குப் போகாதீங்க.

செருப்பு எல்லாம் மூடின அலமாரிக்குள்ள. பை ஆணியில. புதுசா எந்தப் பொருள் வந்தாலும், விருந்தாளியோட பை உட்பட, உசரத்துலதான். புது வாடை வீட்டுக்குள்ள வந்தா அவனுக்குக் கை அரிக்கும். கால் அரிக்கும்னு சொல்லணுமோ.

அடுத்த ஒரு மாசம் அவனுக்கு வீடு முழுக்கச் சுத்துற சுதந்திரம் கிடையாது. குட்டியா இருந்தப்போ எப்படிப் பார்த்துக்கிட்டீங்களோ அப்படி. நீங்க இருக்கிற ரூம்ல, அவனைக் கட்டின லேசான கயித்தை உங்க இடுப்புல கட்டிக்கிட்டு, கூடவே. நீங்க பார்க்க முடியாத நேரம் அவனோட தடுப்புக்குள்ளயோ கூண்டுலயோ, அது அவனுக்கு ஏற்கெனவே பிடிச்ச இடமா இருந்தா மட்டும். ஒவ்வொரு தடவை கால் தூக்கும்போதும் அவனுக்கு ஒரு திருப்தி கிடைக்குது, அந்தத் திருப்திதான் அவனுக்கு லட்டு. அது கிடைக்கக் கிடைக்கப் பழக்கம் இறுகும். அதனால எத்தனை தடவை திட்டினீங்கங்கிறதை விட எத்தனை தடவை நடக்க விடாமப் பார்த்துக்கிட்டீங்கங்கிறதுதான் கணக்கு.

கால் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி இருக்கு, அதைப் பிடிக்கப் பழகுங்க. மூக்கு ஒரே இடத்துல நிக்கும், உடம்பு பக்கவாட்டுல திரும்பும், எடை மூணு காலுக்குப் போகும். அப்போ கத்தாதீங்க. சாதாரணக் குரல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வா போலாம்"னு வெளியில. வெளியில போனதும், முடிச்ச அந்த நொடியே ட்ரீட். வீட்டுக்கு வந்து கொடுத்தா வீட்டுக்கு வந்ததுக்குத்தான் கூலின்னு நினைப்பான்.

நடக்கப் போகும்போதும் ஒரு ஒழுங்கு வைங்க. கம்பத்துக்குக் கம்பம் நிக்கிறவனுக்கு, கால் தூக்குறதே ஒரு விளையாட்டாயிடும். முதல்ல ஒரே இடத்துல நின்னு முழுசா போகட்டும், அப்புறம் முகர நேரம் கொடுங்க. முகர்றதைத் தடுக்காதீங்க. முகர்ந்த எல்லா இடத்துலயும் போகணும்ங்கிற பழக்கத்தை மட்டும் குறைங்க.

இன்னொரு தந்திரம். சோபா இடது காலை நல்லாக் கழுவிட்டு, அந்த இடத்துலயே அவன் சாப்பாட்டுத் தட்டை வைங்க, இல்லை அவன் பாயைப் போடுங்க. சாப்பிடுற இடத்தையும் படுக்கிற இடத்தையும் பெரும்பாலான நாய் நனைக்காது.

#19 பழைய_பேட்டரி

இவ்வளவு பாடு எதுக்கு? காயடிச்சு விட்டா ஒரே நாள்ல முடிஞ்சுது.

#20 மிருகவைத்தியன்

முடியலாம், முடியாமலும் போகலாம்.

1997-ல் நீல்சன், எக்ஸ்டீன், ஹார்ட் என்ற மூவர் 57 ஆண் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு இருக்கிறது. வீட்டுக்குள் குறியிடுவது, புணர்வதுபோல் மேலே ஏறுவது, ஊர்சுற்றப் போவது இந்த மூன்றும் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களில் பாதியளவாவது குறைந்தன. ஆனால் 90 சதவீதம் குறைந்து "ஏறக்குறைய நின்றுவிட்டது" என்று சொல்லக்கூடியவை 25 முதல் 40 சதவீதம் நாய்கள்தான். நாயின் வயதையோ, பழக்கம் எத்தனை நாளாக இருந்தது என்பதையோ வைத்துப் பலனை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. "வயசாயிடுச்சு, இனி பண்ணி என்ன" என்பவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது.

ஹார்மோன் தூண்டிக் கால் தூக்கும் நாய்க்கு அறுவை உதவும். பயத்திலும் பதட்டத்திலும் நனைக்கும் நாய்க்குக் கத்தி பதில் இல்லை. எது என்று சந்தேகம் இருந்தால் டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் வைத்துப் பார்க்கலாம். ஆண் ஹார்மோனைச் சில மாதங்களுக்குத் தற்காலிகமாக நிறுத்தும். தொடக்க வாரங்களில் ஹார்மோன் கூடிவிட்டுத்தான் குறையும், அந்தக் கட்டத்தில் பழக்கம் மோசமானால் பதறக் கூடாது. பெரிய இனங்கள் சிலவற்றில் ஒரு வயதுக்கு முன்பே அறுவை செய்தால் மூட்டுப் பிரச்சனைகள் கூடுவதாகத் தெரிகிறது. கரடியின் எடைக்கும் வயதுக்கும் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

தனியாக விட்டால் மட்டும் நனைக்கிறது, கூடவே ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது என்றால் அது பிரிவுப் பதட்டம். நீங்கள் குனிந்து தொடப்போனதும் பதுங்கிச் சொட்டு விடுகிறது என்றால் அது பணிவு. குட்டிகளில் சகஜம், திட்டினால் கூடும். இவை இரண்டும் குறியிடல் அல்ல, வைத்தியமும் வேறு.

#21 பழைய_பேட்டரி

டாக்டர், கடைசியா சொன்னீங்களே, குனிஞ்சு தொட்டா சொட்டு விடும்னு. எங்க வீட்டு மணி அப்படித்தான் இருந்தான். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் ஓடி வந்து என் காலடியில மல்லாந்து படுத்துப் பெய்வான். அதுக்கும் சேர்த்து வாங்குவான். அவன் போய்ப் பதினேழு வருஷம் ஆச்சு.

#22 வாலாட்டி

அப்போ யாருக்கும் தெரியாதுண்ணே. ஓடி வந்தான் பாருங்க, அது உங்களைப் பார்த்த சந்தோஷத்துல.

#23 நிலாமுற்றம்

மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

மாத்திரையைப் படிப்படியா குறைச்சு நிறுத்தியாச்சு, அரிப்புக்கு வேற மருந்து கொடுத்திருக்காங்க. சிறுநீர்ப் பரிசோதனையில தொற்று இல்லை. தண்ணி 400 மில்லிக்கு வந்துடுச்சு. மெத்தை அதுக்கப்புறம் நனையவே இல்லை.

துடைப்பக்கட்டை அண்ணா, டார்ச் வாங்கினேன். ஏழு இடம். ஏழாவது எங்கன்னு கேளுங்க. என் வீட்டுக்காரரோட அலமாரிக் கதவு, உள்பக்கம்! அவர் இன்னும் அதுல இருந்து மீளலை.

ஜன்னல் ஒட்டுத்தாள், 6:25 நடை, செருப்பு அலமாரி எல்லாம் நடக்குது. நோட்டுக் கணக்குப்படி முதல் வாரம் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. ரெண்டாவது வாரம் மொத்தமே நாலு. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் மேல் வீட்டுப் பையன் பந்து எடுக்க உள்ள வந்துட்டுப் போனப்போ, அவன் நின்ன இடத்துல. சோபா இடது கால் இப்போ கரடியோட படுக்கை.

கருத்தடைக்கு அடுத்த மாசம் நாள் குறிச்சிருக்கோம். டாக்டர் சார் சொன்ன சதவீதத்தை இவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாதுல்ல.

#24 இரவுக்கழுகு

மேல் வீட்டு நாயோட இவனை எப்பவாவது நேர்ல பழக விட்டீங்களா?

#25 நிலாமுற்றம்

நேத்துதான். ரெண்டையும் தள்ளித் தள்ளி, பக்கவாட்டுல நடத்தி, அரை மணி நேரம். கிட்ட வந்ததும் பின்பக்கம் முகர்ந்துக்கிட்டாங்க, வால் ஆடுச்சு, சண்டையெல்லாம் இல்லை. அந்தப் பெரிய நாய் போய் ஒரு கம்பத்துல கால் தூக்குச்சு. கரடி பின்னாடியே போய், முகர்ந்து, அதே கம்பத்துல அவன் உசரத்துக்கு எட்டணும்னு காலைத் தூக்கித் தூக்கி, கடைசியில நிலை தடுமாறிப் பக்கவாட்டுல விழுந்தான்.